முதலில் முதுகைப் பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம். பேச ஆரம்பிக்கும் முன்னால் ஒரு சத்தம் கேட்கவேண்டும், கொஞ்சம் அமைதியாக இருங்கள். இந்தக் கத்தியை மைக் பக்கத்தில் வைத்து மடக்குகிறேன். டக்... டக். கேட்டதா? பாதி மடங்கியதும் ஒரு டக், முழுசாக மடங்கியதும் இன்னொரு டக். இன்றைக்கு நான் பேசப்போவதெல்லாம் இந்த இரண்டு சத்தத்தைப் பற்றித்தான்.

இந்த மடக்குக் கத்தி நானே செய்தது. மடக்கினால் 9 சென்டிமீட்டர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பல வருடமாக என் பையில் இருக்கிறது. பழம் நறுக்க, பார்சல் பிரிக்க, கயிறு வெட்ட, பென்சில் சீவ எல்லாவற்றுக்கும் இதுதான். கத்தி என்றாலே எல்லோரும் அலகைத்தான் பார்க்கிறார்கள், என்ன எஃகு, எவ்வளவு கூர், தாளை வெட்டுமா என்றுதான் கேட்கிறார்கள். கையால் செய்த மடக்குக் கத்தி கையில் கிடைத்தால் முதலில் அதன் முதுகைப் பாருங்கள். செய்தவர் எப்பேர்ப்பட்டவர் என்பது அங்கேதான் தெரியும்.

பிடியின் முதுகில் நீளமாக ஒரு எஃகுப் பட்டை ஓடுகிறது பாருங்கள், அதுதான் வில். அதற்கு இரண்டு பக்கமும் பித்தளைத் தகடு, அதற்கு வெளியே கொம்பு. எலும்பும் வைக்கலாம், மரமும் வைக்கலாம். இதில் பூட்டு என்று எதுவும் கிடையாது, அலகைத் திறந்த நிலையில் நிறுத்தி வைப்பது அந்த வில்லின் அழுத்தம் மட்டும்தான். பூட்டு உள்ள கத்திகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1955-இல் பிரான்ஸின் ஒபினெல் கத்திக்கு வந்த, அலகைப் பூட்டும் அந்தச் சுழலும் வளையம் எவ்வளவு எளிமையான, அருமையான யோசனை! ஆனால் வில்லை மட்டும் நம்பிச் செய்யும் கத்தியில், தப்பு செய்தால் மறைக்க இடமே இல்லை, அதனால்தான் எனக்கு அதன்மேல் இவ்வளவு பிரியம்.

சரி, வில் என்ன செய்கிறது? அலகின் அடிப்பகுதி, அதாவது ஆணியைச் சுற்றித் திரும்பும் இடம், கிட்டத்தட்ட சதுரமாக இருக்கும். அதில் மூன்று முகம். திறந்திருக்கும்போது வில்லின் நுனி ஒரு முகத்தில் உட்காரும், பாதியில் இன்னொன்றில், மடக்கியபின் மூன்றாவதில். ஒரு முகத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது மூலை வில்லைத் தூக்கிவிடுகிறது, தாண்டியதும் வில் சட்டென்று இறங்குகிறது, அந்த இறக்கம்தான் நீங்கள் கேட்ட டக். இந்த மூன்று நிலையிலும் வில், தகடுகளோடு ஒரே மட்டமாக நிற்கவேண்டும், மேடும் கூடாது பள்ளமும் கூடாது. தலைமுடியின் தடிமன் சுமார் 0.07 மில்லிமீட்டர், அதில் பாதி உயர்ந்திருந்தால்கூட நகத்தை ஓட்டிப் பார்த்தால் தட்டும்.

இதை எப்படிக் கொண்டுவருவது? தற்காலிக ஆணிகளைப் போட்டுச் சேர்ப்பது, பார்ப்பது, கழற்றுவது, அரத்தால் அந்த முகத்தை இரண்டே இரண்டு இழுப்பு ராவுவது, மறுபடி சேர்ப்பது. ஒரு கத்திக்கு இருபது முப்பது தடவை இப்படிக் கழற்றிச் சேர்த்திருக்கிறேன். அவசரப்பட்டு ஒரு இழுப்பு கூடிப்போனால் போனதுதான், ராவிய எஃகை ஒட்டவைக்க முடியாது. அதிலும் மடக்கிய நிலைக்கான முகத்தில் கூடினால் அலகு இன்னும் கீழே இறங்கி, கூர் போய் வில்லின் உள்பக்கத்தில் இடிக்கும், அப்புறம் ஒவ்வொரு தடவை மடக்கும்போதும் நீங்களே கத்தியை மழுக்குகிறீர்கள்.

அடுத்து தோய்ச்சல், அதாவது எஃகைச் சூடாக்கி எண்ணெயில் முக்கிக் கடினமாக்குவது. இந்த அலகும் வில்லும் ஒரே எஃகுதான், சுமார் 0.95 சதவீதம் கார்பன் உள்ளது. 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எஃகைக் காந்தம் இழுக்காது, அதை அடையாளமாக வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஏற்றி, 800 டிகிரியை ஒட்டி எண்ணெயில் இறக்குகிறோம். அந்த நிமிடத்தில் எஃகு கண்ணாடி மாதிரி, கீழே போட்டாலே உடையலாம். அதனால் மறுபடி மெதுவாகச் சூடுகாட்டிப் பதத்தை இறக்கவேண்டும். அலகுக்கு 200 டிகிரியை ஒட்டி, வைக்கோல் நிறம் வந்தால் போதும், கூர் நிற்கும் அளவுக்குக் கடினம் இருக்கும். வில்லுக்கு அது போதாது, நீலம் வரும்வரை, 300 டிகிரிக்கு மேலே கொண்டுபோக வேண்டும், அப்போதுதான் வளைந்து திரும்பும். என் முதல் கத்தியில் இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துவிட்டேன். மூன்று நாள் நன்றாகத்தான் இருந்தது. நான்காம் நாள் திறக்கும்போது ஒரு மெல்லிய விரிசல் சத்தம், வில் நடுவில் இரண்டாகிவிட்டது. அந்தத் துண்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன்.

கடைசி வேலைதான் எனக்கு இப்போதும் கை நடுங்கும் வேலை, ஆணி அடைப்பது. அலகு சுழலும் ஆணியின் இரண்டு முனையையும் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி விரியவைக்கிறோம், ஓட்டையின் வாய் லேசாக அகன்றிருப்பதால் உலோகம் விரிந்து அதை நிரப்பிக்கொள்ளும். இறுக்கம் கூடினால் அலகு அசையாது, குறைந்தால் பக்கவாட்டில் ஆடும். அதற்காக அலகுக்கும் தகட்டுக்கும் நடுவே தாளைவிட மெல்லிய ஒரு பித்தளை இதழைச் செருகி வைத்துக்கொண்டு தட்டுகிறேன். முடிந்ததும் உருவிவிட்டால் அந்த இடைவெளிதான் அலகு சுழல வேண்டிய இடம். பிறகு ஆணித் தலையைத் தேய்த்து மட்டம் பண்ணினால், ஆணியும் அதைச் சுற்றியுள்ள பகுதியும் ஒரே உலோகமாக இருக்கும்பட்சத்தில், ஆணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இதோ இந்த இடத்தில்தான் இருக்கிறது, வெளிச்சத்தில் எப்படித் திருப்பினாலும் என் கண்ணுக்கே தெரியவில்லை.

மடக்கும் கத்தி புதிய யோசனை இல்லை. ஆஸ்திரியாவில் ஹால்ஸ்டாட் பகுதியில் எலும்புப் பிடியோடு கிடைத்த கத்தி கி.மு. 600-500 காலத்தது என்கிறார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கத்தி செய்பவர்களின் சங்கம் 1624-லேயே சட்டப்படி அமைந்துவிட்டது. அங்கே அலகு அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், எல்லாவற்றையும் சேர்த்துக் கத்தியாக்குபவர் இன்னொருவர் என்று வேலையைப் பிரித்து வைத்திருந்தார்கள். சேர்ப்பதே ஒரு தனித் தொழிலாக இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. இது துருப்பிடிக்கும் எஃகு, பழம் நறுக்கினால் உடனே துடையுங்கள். நாளடைவில் சாம்பல் நிறம் படரும், அது அழுக்கு இல்லை, அப்படியே விடுங்கள். பையில் சேரும் நூலும் தூசியும் வில்லுக்கு அடியில் போய் உட்காரும், குச்சியால் எடுத்துவிட்டு ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும்.

இப்போது இந்தக் கத்தியை முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். மூன்று நிலையிலும் முதுகில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், எங்கேயாவது தட்டினால் தயங்காமல் என்னிடம் சொல்லுங்கள். பூட்டு இல்லை, அதனால் நுனியை எதிலும் குத்தி அழுத்தவேண்டாம், விரல்மேல் மடங்கிவிடும். பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கும்போது மடக்கிக் கொடுங்கள், அந்த இரண்டு டக் இங்கேவரை எனக்குக் கேட்கட்டும்.