பங்குனி வெயிலில் சரியும் பனி

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம். முழுஆண்டுத் தேர்வு முடிந்ததும் மணாலி, சோன்மார்க், சிக்கிம் என்று பனி பார்க்கக் கிளம்பும் குடும்பங்கள் நம் பக்கத்திலும் பெருகிவிட்டன. பட்டாளத்தில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கோ அந்த மலைதான் வேலை செய்யும் இடம். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மதராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேரைப் பனி மூடியதே, அவர்களில் ஒருவர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர். அது கடுங்குளிர் காலத்துப் பனிச்சரிவு. இன்று நான் பேச வந்தது பங்குனி, சித்திரையில் வெயில் ஏறும்போது வரும் பனிச்சரிவைப் பற்றி.

2023 ஏப்ரல் 4-ஆம் தேதி, சிக்கிமில் நாதுலா கணவாய்க்குப் போகும் வழியில் நடந்த பனிச்சரிவில் சுற்றுலாப் பயணிகள் 7 பேர் இறந்தார்கள். சிகரம் ஏறப் போனவர்கள் இல்லை அவர்கள். நம் வீட்டு ஆட்களைப் போலப் பனி பார்க்கப் போனவர்கள்.

மார்கழியில் புல்நுனியில் நிற்பதும் பனி, இமயத்தில் கிடப்பதும் பனி. ஒரே சொல்லாக இருப்பதால் கேட்கும்போதே மெத்தென்று தோன்றிவிடுகிறது. புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ அளவில்தான் இருக்கும். நனைந்து இறுகிய பனியோ 400, 500 கிலோ வரை போகும்.

ஏன் சரிகிறது? தென்பெண்ணை மணலில் பிள்ளைகள் வீடு கட்டுவதை நினைத்துப் பாருங்கள். லேசான ஈரம் இருந்தால் சுவர் நிற்கும். அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினால் குழைந்து வழிந்துவிடும். பனியும் அப்படித்தான். குளிரில் பனித்துகள்கள் ஒன்றோடொன்று உறைந்து பிடித்திருக்கும். வெயிலில் உருகிய நீர் இடுக்குகளில் இறங்கி அந்தப் பிடிப்பைக் கரைக்கும். கீழே கெட்டியான ஒரு அடுக்கோ வழுக்குப் பாறையோ இருந்தால் நீர் அங்கே தேங்கும்; மேலே உள்ளது மொத்தமாக வழுக்கி இறங்கும்.

பகல் வெயிலைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். நான் ராத்திரியைக் கேட்கச் சொல்கிறேன். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயிகளுக்கு இந்தக் கணக்கு தெரியும்: வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தால் விடியற்காலையில் பனி கொட்டும்; மேகம் மூடியிருந்தால் பனி இறங்காது. நிலம் தன் சூட்டை இரவில் வானத்துக்கு விட்டுவிடும். மேகம் அதைப் போர்வைபோலத் தடுத்துவிடும். மலையிலும் இதே கதைதான். நட்சத்திரம் தெரிந்த இரவு என்றால், பகலில் இளகிய பனி மறுபடி உறைந்து கெட்டிப்படும். மேகம் மூடிய இரவு என்றால் சரியாக உறையாது. காலையில் குளிர் குறைவாக இருக்கிறதே என்று நாம் மகிழ்வோம். ஆனால் மலைச்சரிவில் பனி தளர்ந்துபோயிருக்கும். இரவில் மழையும் பெய்திருந்தால் இன்னும் மோசம். ஆகவே முந்தின ராத்திரி வானம் எப்படி இருந்தது என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். மறக்காமல் கேளுங்கள்.

காலால் சோதிக்கலாம். விடிந்ததும் பனிமேல் காலை வைத்தால் பூட்ஸ் தடம்கூடப் பதியக் கூடாது. கணுக்காலுக்கு மேல் புதைந்தால் சரிவுப் பக்கம் போகவே வேண்டாம். கையாலும் சோதிக்கலாம். கையுறையோடு ஒரு பிடி பனியை எடுத்துப் பிழியுங்கள். உருண்டை பிடிபட்டால் ஈரம் ஏறத் தொடங்கிவிட்டது. விரலிடுக்கில் நீர் வடிந்தால் அந்தச் சரிவைவிட்டு உடனே விலகுங்கள். வெயில் பட்ட மேட்டிலிருந்து பனி சிறுசிறு உருண்டையாகத் தானே உருண்டு வந்தால் அதுவும் எச்சரிக்கைதான்.

கிழக்குப் பார்த்த சரிவு காலையிலேயே இளகும். தெற்குச் சரிவு நடுப்பகலில், மேற்குச் சரிவு பிற்பகலில். விடியுமுன் புறப்பட்டு முற்பகலிலேயே திரும்பிவிடுவதுதான் மலைக்காரர் வழக்கம். சாய்வைப் பொறுத்தவரை, வீட்டு மாடிப்படி ஏறக்குறைய 30 பாகை. அந்தச் சாய்விலிருந்து 45 பாகை வரைதான் பெரும்பாலான ஆபத்து. ஆனால் நீங்கள் நிற்கும் இடம் சமதரையாக இருந்தாலும், தலைக்கு மேலே அப்படியொரு சரிவு இருந்தால் அங்கே நின்று படம் எடுக்காதீர்கள்.

கடிகாரம் முடியப்போவதைக் காட்டுகிறது. மீட்பைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பனிச்சரிவில் சிக்கிக்கொண்டால் அதன் ஓரத்தை நோக்கி விலகப் பாருங்கள். பனி ஓடி நிற்குமுன் முழங்கையை மடக்கி வாய்க்கும் மூக்குக்கும் முன்னால் வையுங்கள். நின்றபின் அது சிமென்ட்போல இறுகிவிடும், விரல் அசையாது. உடன் வந்தவர்கள் ஆளைக் கடைசியாகப் பார்த்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவர் 112-ஐ அழைக்கட்டும், மற்றவர்கள் உடனே தேடித் தோண்டுங்கள். முதல் 10, 15 நிமிடம்தான் உயிர். அரை மணி தாண்டினால் பிழைப்பவர்கள் குறைவு. ஆள் தட்டுப்பட்டால் முதலில் முகத்தையும் நெஞ்சையும் விடுவித்து, வாயில் அடைத்த பனியை எடுத்துவிடுங்கள். வணக்கம்.