கிதார் ஆளு மாறினா ஆல்பமே மாறிடும்

வணக்கம் நேயர்களே. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ்ங்கிற அமெரிக்க ராக் பேண்டு பத்தி பேசக் கூப்பிட்டாங்க, உடனே சரின்னுட்டேன். ஏன்னா நாப்பது வருஷத்துல இந்த பேண்டுல எந்த ஆல்பத்த எடுத்தாலும் பாடறவரும் பேஸ் (கனத்த அடிச்சத்தம் தர்ற கிதார்) வாசிக்கிறவரும் அதே ஆளுங்கதான், ஆனா கிதார் யாரு கையில இருக்குங்கிறத பொறுத்து மொத்த சத்தமும் மாறிடும்.

எண்பதுகளோட ஆரம்பத்துல லாஸ் ஏஞ்சலஸ்ல ஆரம்பிச்சாங்க. ஆன்டனி கீடிஸ் பாட்டு, ஃப்ளீ பேஸ், ஹில்லெல் ஸ்லோவாக் கிதார், ஜாக் ஐரன்ஸ் டிரம்ஸ், நாலு பேரும் ஒரே ஹைஸ்கூல் பசங்க. கூத்து என்னன்னா, 1984-ல முதல் ஆல்பம் வரும்போது பாதி பேண்டு அதுல இல்ல, ஸ்லோவாக்கும் ஐரன்ஸும் வேற ஒரு பேண்டுக்கு கான்ட்ராக்ட் போட்டுட்டாங்க. நாலு பேரும் சேந்து வாசிச்ச ஒரே ஆல்பம் 1987-ல வந்ததுதான். அடுத்த வருஷமே ஹெராயின் ஓவர்டோஸ்ல ஸ்லோவாக் போயிட்டாரு, வயசு 26. ஐரன்ஸ் அதுக்கு மேல முடியாதுன்னு விலகிட்டாரு.

அந்த எடத்துக்கு வந்தது ஜான் ஃப்ரூஷியான்டே, 18 வயசு, இந்த பேண்டோட வெறியன். டிரம்ஸுக்கு சாட் ஸ்மித். 1989-ல வந்த 'மதர்ஸ் மில்க்'ல புரொட்யூசர் பையன விடாம இன்னும் ஹெவியா வாசின்னு நெருக்க, கிதார் மேல கிதார் அடுக்கி வெச்சிருக்கும், எனக்கு அது ஒரே இரைச்சல். 1991-ல புரொட்யூசரா ரிக் ரூபின் வந்தாரு, எல்லாரையும் ஒரு பழைய பங்களாவுல உக்கார வெச்சு ரெக்கார்ட் பண்ணாரு, அதான் 'பிளட் ஷுகர் செக்ஸ் மேஜிக்'. கீடிஸோட நோட்டுல கெடந்த ஒரு கவிதைய ரூபின்தான் பாத்துட்டு இத பாடுன்னாரு, இது நம்ம பேண்டுக்கு சரிவராதுன்னு கீடிஸ் தயங்கினாரு, கடைசில அந்தப் பாட்டு அமெரிக்காவோட பில்போர்டு ஹிட் வரிசைல 2-வது எடம்!

புகழ் வந்ததும் ஃப்ரூஷியான்டேக்கு ஒத்துக்கல. 1992-ல ஜப்பான் டூர் நடுவுலயே கெளம்பிட்டாரு, அப்புறம் பல வருஷம் போதையில கெடந்தாரு. நடுவுல டேவ் நவாரோ வந்து 1995-ல 'ஒன் ஹாட் மினிட்' போட்டாங்க. எல்லாரும் அத மட்டம் தட்டுவாங்க, நான் தட்டமாட்டேன், இருட்டா கனமா ஒரு அழகு இருக்கு, என்ன, ஃப்ளீயோட துள்ளலுக்கு அந்த கிதார் எடம் விடல, அவ்ளோதான்.

1998-ல ஃப்ளீ போயி திரும்ப வர்றியான்னு கேட்டப்ப ஃப்ரூஷியான்டே கையில ஒரு கிதார் கூட இல்ல. கீடிஸ்தான் 1962 மாடல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார் ஒண்ணு வாங்கிக் குடுத்தாரு. ஃப்ளீ வீட்டு கராஜ்ல பிராக்டிஸ். விரல்ல பழைய வேகம் இல்ல, அதனால ரெண்டு மூணு சுரத்துலயே சொல்லவேண்டியத சொல்லிட்டு நிறுத்திடுவாரு. 1999-ல வந்த 'கலிஃபோர்னிகேஷன்' முழுக்க அந்த வெற்றிடம்தான், நீர்மோர் மாதிரி, கெட்டியா இல்ல ஆனா தாகம் தீரும். அங்கிருந்து 2006-ல 28 பாட்டோட வந்த டபுள் ஆல்பம் 'ஸ்டேடியம் ஆர்கேடியம்' வரைக்கும் கேட்டுட்டே போனீங்கன்னா அந்த கை மெதுவா பலம் ஏறறது காதுலயே தெரியும்.

2009-ல ஃப்ரூஷியான்டே மறுபடி விலகினாரு. ஜாஷ் கிளிங்ஹாஃபர் வந்து பத்து வருஷம் இருந்தாரு, ரெண்டு ஆல்பம், நல்ல வாசிப்பாளர், ஆனா கூட்டத்துல முன்னாடி வரமாட்டாரு. 2019 கடைசில பழைய ஆள கூட்டிட்டு வந்து இவர அனுப்பிட்டாங்க, 2022-ல ஒரே வருஷத்துல ரெண்டு ஆல்பமும் வந்துச்சு, எனக்கென்னவோ ரெண்டுலயும் பொறுக்கி ஒண்ணா போட்டிருக்கலாம். கிளிங்ஹாஃபர் பாவம்னு நெனைக்காதீங்க, அப்புறம் அவர பேர்ல் ஜாம்ங்கிற இன்னொரு ராக் பேண்டு டூருக்கு கூப்பிட்டுக்கிட்டாங்க. ஆரம்பத்துல விலகினாரே ஜாக் ஐரன்ஸ், அவரும் தொண்ணூறுகள்ல நாலு வருஷம் டிரம்ஸ் வாசிச்சது அதே பேர்ல் ஜாம்லதான்.