பூட்டை முதலில் கழற்றிப் பாருங்கள்

வணக்கம். சாவி இல்லாமல் பூட்டைத் திறக்கப் பழகும் பொழுதுபோக்கைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் திறப்பதைப் பற்றிக் கொஞ்சமாகவும் கழற்றுவதைப் பற்றி நிறையவும் பேசப் போகிறேன். புதிதாக வருகிறவர்களில் பலர் பூட்டுத் திறக்கும் கம்பி கைக்கு வந்ததும் நேரே சாவித் துவாரத்துக்குள் விட்டுக் குடைகிறார்கள், இரண்டு நாள் பார்த்துவிட்டு நமக்கு இது வராது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று கண் பார்க்காதபோது விரலுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

முதலில் ஒன்று. எடுக்கிற பூட்டு உங்களுடையதாக இருக்கட்டும், அதோடு எந்தக் கதவிலும் மாட்டியிராத பழைய பூட்டாக இருக்கட்டும். பழகும்போது பூட்டுக்குள் இருக்கும் பின் என்ற சின்ன உலோகக் குச்சி தேயும், ஸ்பிரிங் மடங்கும், அப்புறம் சாவி போட்டாலும் திறக்காது. திறக்கும் கம்பிகளை வைத்திருப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, உள்ளே போவோம். இன்று வீட்டுக் கதவுகளில் அதிகம் இருக்கும் சிலிண்டர் பூட்டு, லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1861-லும் 1865-லும் காப்புரிமை வாங்கிய வடிவத்தின் வழிவந்தது. வெளியே ஒரு கூடு, அதற்குள் சுழலும் ஓர் உருளை. இரண்டையும் குறுக்காகத் துளைத்து ஐந்தோ ஆறோ குழிகள். ஒவ்வொரு குழியிலும் சாவியைத் தொடும் சாவிப் பின், அதன் மேல் தடுப்புப் பின், அதற்கும் மேல் ஒரு சின்ன ஸ்பிரிங். சரியான சாவி நுழைந்தால் இரண்டு பின்களும் சந்திக்கும் இடம் எல்லாக் குழிகளிலும் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் நிற்கும், உருளை சுழலும்.

கழற்ற, உருளையின் முனையில் இருக்கும் வளைய கிளிப்பைத் திருப்புளி முனையால் நெம்பி எடுங்கள். சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்புங்கள். இதை மறக்கக் கூடாது. திருப்பாமல் நேராக இழுத்தால் ஒரு குழியின் தடுப்புப் பின் நகர்ந்து வரும் அடுத்த குழிக்குள் விழுந்து மாட்டிக்கொள்ளும். அப்புறம் உருளையின் அதே பருமனுள்ள மரக்குச்சி ஒன்றைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே உருளையை வெளியே எடுங்கள், இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழக் கூடாது. அந்தக் குச்சிதான் தடுப்புப் பின்களையும் ஸ்பிரிங்குகளையும் உள்ளே அடக்கி வைக்கிறது. நான் முதல்முறை குச்சி இல்லாமல் இழுத்தேன், ஸ்பிரிங்குகள் தெறித்து அறை முழுக்கச் சிதறின, இரண்டு கடைசிவரை கிடைக்கவில்லை, அந்தப் பூட்டு அதோடு போயிற்று. அதனால் ஓரம் உயர்ந்த தட்டில், துணி விரித்து வேலை செய்யுங்கள். எடுக்கும் சாவிப் பின்களை வந்த வரிசையிலேயே அடுக்குங்கள். ஒன்று இடம் மாறினாலும் பழைய சாவி வேலை செய்யாது.

தொங்குபூட்டு வேறு மாதிரி. சிலவற்றில் வளையத்தைத் திறந்தால் அதன் கால் நுழையும் துளைக்குள் ஒரு திருகாணி இருக்கும், அதைக் கழற்றினால் சிலிண்டர் தனியே வந்துவிடும். பழக அவைதான் நல்லவை. தகடுகளை அடுக்கி ரிவெட் அடித்தவற்றை அறுத்துத்தான் பார்க்க முடியும். அறுத்தாலும் வீணில்லை, வளையத்தை இரண்டு எஃகு உருண்டைகள் பிடிக்கின்றனவா, ஸ்பிரிங் வைத்த நாக்கு ஒன்று பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும். உருண்டை வைத்ததைத்தான் நான் நம்புவேன், ஸ்பிரிங் நாக்கைப் பின்களைத் தொடாமலே மெல்லிய தகட்டால் தள்ளிவிடலாம்.

இனிப் பயிற்சி. கழற்றிய உருளையில் ஒரே ஒரு குழிக்கு மட்டும் பின் போட்டு மூடுங்கள். உருளையைத் திருப்ப உதவும் இறுக்குக் கம்பியைச் சாவித் துவாரத்தில் வைத்து விரல் பாரம் அளவுக்கே திருப்பம் கொடுத்து, மற்றக் கம்பியால் அந்தப் பின்னை மெல்லத் தூக்குங்கள். ஒரு இடத்தில் சின்ன "டிக்", உருளை சுழலும். அந்த உணர்வு விரலில் பதியும்வரை அதையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டு இரண்டாவது பின்னைச் சேருங்கள். இப்போது ஒன்று இறுகி நிற்கும், மற்றது தளர்வாக ஆடும். குழிகளை எவ்வளவு கவனமாகத் துளைத்தாலும் மயிரிழையாவது நேர்கோட்டிலிருந்து விலகும், அதனால் எல்லாப் பின்னும் ஒரே நேரத்தில் இறுகாது. சாவி இல்லாமல் திறக்க முடிவதே இந்த மயிரிழையால்தான். இறுகியதை முதலில் தூக்க வேண்டும், அடுத்து எது இறுகுகிறது என்று தேட வேண்டும்.

சில தடுப்புப் பின்களுக்கு நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும், நூல் சுற்றும் கட்டை போல. உருளை கொஞ்சம் சுழன்று, திறந்துவிட்டது என்று நம்பவைத்து, அங்கேயே நின்றுவிடும். கழற்றிப் பார்த்தவருக்கு அது ஏன் என்று உடனே புரியும், இறுக்கத்தைத் தளர்த்தி உருளையைச் சற்றுப் பின்னே விட்டுக்கொண்டே அந்தப் பின்னைத் தூக்குவார்.

பொறுமைக்கு ஒரு பழைய கதை. ஆங்கிலேயர் ஜோசப் பிராமா 1784-இல் காப்புரிமை பெற்ற பூட்டை லண்டன் கடைக் கண்ணாடியில் வைத்து, திறப்பவருக்கு 200 கினி (அந்தக் கால ஆங்கில நாணயம்) பரிசு என்று பலகை எழுதியிருந்தார்கள். 1851-இல் லண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஏ. சி. ஹாப்ஸ் அதைத் திறந்தார், 16 நாட்களில் 51 மணி நேரம் உட்கார்ந்து. அந்தப் பூட்டுக்கென்றே கருவிகளும் செய்துகொண்டார்.

நீங்கள் ஒரு பின்னோடு தொடங்குங்கள். ஐந்தும் சேர்ந்து திறந்த அன்று பூட்டை மறுபடி கழற்றி, சாவிப் பின்களின் வரிசையை மாற்றிப் போடுங்கள், அதே பூட்டு மறுநாள் புதுப் பூட்டாக உங்கள் முன் இருக்கும்.