வெள்ளை அட்டைக்குள்ள ஏழு பாட்டு

வணக்கம் நேயர்களே. மெட்டாலிகான்னு ஒரு பேண்ட், பாட்டு கேக்காதவங்க கூட அந்தப் பேரு போட்ட டிஷர்ட்டயாவது தெருவுல பாத்திருப்பீங்க. அவங்களோட 'ஆம் ஐ ஈவில்' பாட்டுன்னா உசுருன்னு சொல்ற பசங்க நெறைய, அவங்ககிட்ட எல்லாம் தம்பி அது அவங்க பாட்டே இல்லப்பான்னு சொல்றதையே ஒரு வேலையா வெச்சிருக்கேன் நான். அது டைமண்ட் ஹெட் பாட்டு. இன்னொரு தடவ சொல்றேன், டைமண்ட் ஹெட்.

இங்கிலாந்துல பர்மிங்ஹாம் பக்கம் ஸ்டவர்பிரிட்ஜ்னு ஒரு ஊரு. 1976ல அங்க பள்ளிக்கூடத்துப் பசங்க ஆரம்பிச்ச பேண்ட் இது. கிட்டார் பிரையன் டாட்லர், டிரம்ஸ் டங்கன் ஸ்காட், பாடறது ஷான் ஹாரிஸ், பேஸ் கிட்டார் காலின் கிம்பர்லி. ஆரம்பத்துல டிரம்ஸ் வாங்கக் காசில்ல, டாட்லர் வீட்டு பெட்ரூம்ல பிஸ்கட் டப்பாவத் தட்டித்தான் பிராக்டிஸ். 1980ல வூஸ்டர்ல ஒரு ஸ்டுடியோ பிடிச்சு ஒரே வாரத்துல ஏழு பாட்டு பதிவு பண்ணிட்டாங்க. ரெடிமேடா ஒரு ஆல்பத்தக் கைல குடுத்தா எந்த ரெக்கார்டு கம்பெனியாவது வாங்கிக்கும்னு கணக்கு. ஒருத்தரும் வாங்கல!

இப்ப எனக்குப் பிடிச்ச கதைக்கு வரேன், கொஞ்சம் நீளமாப் போனா மன்னிச்சுக்கங்க. பேண்டுக்கு மேனேஜர் யாருன்னா பாடகரோட அம்மாவும் அவங்க துணைவரும். அவரு அட்டை ஃபாக்டரி வெச்சிருந்தவரு. கம்பெனி கிடைக்கலன்னதும் ஹேப்பி ஃபேஸ்னு ஒரு லேபிள் பேரு போட்டு ஆயிரம் ரெக்கார்டு அடிச்சாங்க. கவர்? வெறும் வெள்ளை அட்டை. படம் கிடையாது, ஆல்பம் பேரு கிடையாது, பாட்டு லிஸ்ட் கூட கிடையாது. அட்டைக்காரர் கைல இருந்தும் அட்டைல அச்சடிக்க ஒண்ணும் இல்ல பாருங்க. அதுக்குப் பதிலா நாலு பேர்ல யாராவது ஒருத்தர் பேனாவால கையெழுத்துப் போட்டுருவாங்க, உங்க காப்பில டாட்லரா ஹாரிஸான்னு தபால் வந்து பிரிச்சாத்தான் தெரியும். ஆமா, தபால்தான். சவுண்ட்ஸ்னு ஒரு மியூசிக் பத்திரிகைல விளம்பரம் குடுத்து மூணரை பவுண்டுக்கு வித்தாங்க.

அப்படித் தபால்ல வாங்கினவங்கள்ல ஒருத்தன் அமெரிக்கால குடியிருந்த டென்மார்க்குப் பையன், பேரு லார்ஸ் உல்ரிக். பதினேழு வயசு. 1981ல இவங்க கச்சேரியப் பாக்கறதுக்குன்னே பிளைட் ஏறி லண்டன் வந்து, வுல்விச்ல ஷோ பாத்துட்டு, மேடைக்குப் பின்னாடி போய் அறிமுகமாகி, அப்படியே டாட்லர் வீட்டுக்கும் போய் தரையில படுத்துத் தூங்கியிருக்கான். ஊருக்குத் திரும்பின அதே வருஷம் அவன் ஆரம்பிச்சதுதான் மெட்டாலிகா. பின்னாடி இந்த ஏழு பாட்டுல நாலு பாட்ட அவங்க திரும்பப் பண்ணிட்டாங்க. ஏழுல நாலு!

ஆனா இத வெறும் மெட்டாலிகாவுக்கு முன்கதையா மட்டும் பேசறதுல எனக்கு உடன்பாடு இல்ல. 'ஆம் ஐ ஈவில்' எடுத்துக்கங்க. மொதல்ல டிரம்ஸும் கிட்டாரும் சேந்து படை நடந்து வர்ற மாதிரி தட்டுது. ஹோல்ஸ்ட்னு ஒரு வெள்ளைக்கார இசையமைப்பாளர் செவ்வாய் கிரகத்துக்குப் போட்ட மியூசிக்தான் அதுக்கு மூலம். அப்புறம் எல்லாம் நின்னு கிட்டார் மட்டும் தனியா விறுவிறுன்னு ஒரு ஓட்டம், அது முடிஞ்சாத்தான் அந்த மெயின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் மெட்டு, வரும், மெதுவா, கனமா. பாதிக்கு மேல பாட்டு திடீர்னு வேகம் எடுக்குது. வேற பேண்டா இருந்தா இந்த ரிஃப்ப எல்லாம் பிரிச்சு மூணு பாட்டு பண்ணியிருப்பாங்க. ஹாரிஸ் குரல் வேற, மெட்டாலிகால பாடற ஹெட்ஃபீல்டு அதட்டற எடத்துல இவரு வழுக்கிட்டுப் போவாரு, ஒரு குழைவு இருக்கும். இவங்ககிட்ட டிரம்ஸும் ஆடும். இடிக்கறது மட்டும் இல்ல, ஆடும். அந்த ஆட்டம் மெட்டாலிகா பண்ணினதுல இல்லன்னு சொன்னா பசங்க சண்டைக்கு வராங்க, வரட்டும்.

இந்த ஆல்பத்துல ஒம்பது நிமிஷத்துக்கு மேல ஓடற ஒரு பாட்டு இருக்கு, அதோட பேர ரேடியோல சொல்ல கூச்சமா இருக்கு, நீங்களே தேடிக்கங்க.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டறாங்க, டைம் ஆச்சு போல. இதே ஆல்பத்துல இருக்கற 'ஹெல்ப்லெஸ்' பாட்டு பத்தி ஒரு வார்த்தையும் சொல்லல, சரி. வேகமா சொல்லிடறேன், 1982ல எம்சிஏன்னு பெரிய கம்பெனி ஒண்ணு இவங்கள எடுத்துச்சு, அடுத்த வருஷம் வந்த ஆல்பத்துல மொத லாட் ரெக்கார்டுகள்ல கோளாறு, ஊசி எகிறிக் குதிக்குது, 1985ல பேண்டே கலைஞ்சாச்சு. பிற்பாடு டாட்லர் திரும்ப ஆரம்பிச்சு இன்னிக்கும் வாசிக்கறாரு. முக்கியமா ஒண்ணு, தேடும்போது 'லைட்னிங் டு தி நேஷன்ஸ்'னு தேடுங்க, இந்த வெள்ளை அட்டை ஆல்பத்துக்கு அப்புறமா வந்த பேரு அது. 1982ல எம்சிஏவுக்காகத் திரும்பப் பாடின 'ஆம் ஐ ஈவில்' ஒண்ணு இருக்கு, 2020ல மொத்த ஆல்பத்தையும் மறுபடி பண்ணினதும் இருக்கு. அதையெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம், 1980 பதிவ மொதல்ல கேளுங்க. வணக்கம்.