ஆள் மாறியாச்சு, வரிக்கணக்கு ஆரின்ர தலையில?

ஐயாமார், அம்மாமார், தம்பி தங்கச்சியள் எல்லாருக்கும் வணக்கம். சனாதிபதித் தேர்தலும் நாட்டின்ர பொருளாதாரமும் எண்ட தலைப்பில கதைக்கச் சொல்லி வாசிகசாலை நிர்வாகம் கேட்டது. இலங்கையில 2024 செப்ரெம்பர் 21 ஆம் திகதி நடந்த தேர்தல், ஒரு வருசத்துக்கு மேல போயிட்டுது, ஆனா இன்னும் எங்கட சந்தியில, சலூனில, பஸ்ஸுக்குள்ள இந்த வாக்குவாதம் முடியேல்ல. ஒரு பக்கம் அதில வெண்ட அநுரவுக்குப் பாதிச் சனம் கூடப் போடேல்ல, இது என்ன வெற்றி எண்டு கேக்கினம், மற்றப் பக்கம் நாடே மாறிட்டுது, நாங்கள்தான் இன்னும் பழைய கதை கதைக்கிறம் எண்டு சொல்லுகினம்.

முதல்ல ரிசல்ட்டைப் பாப்பம். அநுரகுமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76, அப்ப சனாதிபதியா இருந்த ரணில் விக்கிரமசிங்கவுக்கு 17.27. ஆரும் 50 தாண்டாதபடியால 1982 இல இருந்து நடந்த சனாதிபதித் தேர்தலுகளில முதல் தரமா விருப்பு வாக்கை, அதாவது சனம் ரெண்டாம், மூண்டாம் தெரிவாக் குறிச்ச வாக்கை, எண்ண வேண்டி வந்தது. பாதி இல்லை எண்டுறது உண்மைதான். ஆனா 2019 இல இதே மனிசன் எடுத்தது 3.16 வீதம், அஞ்சு வருசத்தில 3 இல இருந்து 42 க்கு ஒராள் வாறார் எண்டால் அது அவற்ற பேச்சுத் திறமையால மட்டும் வந்த விசயமில்லை, அந்த அஞ்சு வருசத்துக்குள்ள சனத்துக்கு என்ன நடந்தது எண்டதுதான் அந்த நம்பர்.

நடந்தது என்ன? 2019 கடைசியில கோட்டாபய சனாதிபதியா வந்த கையோட, சாமான் வாங்கேக்க விலையோட சேர்ந்து வாற வற் வரியை 15 வீதத்தில இருந்து 8 ஆக்கினார், வேற கன வரியும் வெட்டுப்பட்டது, அரசாங்கத்துக்கு வாற காசு அப்பிடியே விழுந்தது. பிறகு கொரோனா, ரூரிசம் படுத்துது. 2021 இல ஒரே ராத்திரியில இரசாயன உரத்துக்குத் தடை. எங்கட வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலைக்காரர் அந்த நேரம் பட்டபாட்டை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டேலாது எண்டு நாடு கைவிரிச்சுது. அந்த வருசம் செப்ரெம்பரில பணவீக்கம் கொழும்புக் கணக்குக்கு 70 வீதத்துக்குக் கிட்ட.

இதில, கோட்டாபயவுக்குப் பிறகு சனாதிபதியா வந்த ரணிலின்ர ஆக்கள் ஒரு கேள்வி கேக்கினம், நியாயமான கேள்வி, அதை நான் தட்டிக்கழிக்க விரும்பேல்ல. பெற்றோல் கியூவை நிப்பாட்டினது ஆர், காஸ் திரும்பக் கிடைக்கச் செய்தது ஆர், 2023 மார்ச்சில சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப்பிட்ட கிட்டத்தட்ட 3 பில்லியன் டொலர் திட்டத்தை எடுத்தது ஆர், பிறகேன் அவருக்கு 17 வீதம் மட்டும்? கியூ நிண்டது உண்மை. ஆனா நாட்டை நிமித்தின அந்தச் செலவு ஆரிட்ட இருந்து வந்தது எண்டு பாக்கோணும்.

மண்ணெண்ணெயைப் பாருங்கோ. 2022 ஆகஸ்ட்டில ஒரு லீற்றர் 87 ரூபா வித்த மண்ணெண்ணெய் ஒரே நாளில 340 ரூபா ஆச்சுது. குருநகரில, பருத்தித்துறையில சின்ன போட் வச்சிருக்கிறவை எஞ்சினுக்கு அடிக்கிறது மண்ணெண்ணெய்தான், விடிய வெளிக்கிட்டுப் போட்டு வெறும் வலையோட வந்தாலும் எண்ணெய் எண்ணெய்தான், அதோட இந்தியன் ட்ரோலர் வந்து வலையை அறுத்துக்கொண்டு போனால் அந்தக் கிழமை வீட்டில அடுப்பு எரியிறதே கஷ்டம். கரண்ட் அந்த மாதமே சராசரியா 75 வீதம் கூடினது, பிறகு 2023 பெப்ரவரியில இன்னும் 66 வீதம். வற் வரி படிப்படியா ஏறி 2024 ஜனவரியில 18 ஆச்சுது. சவர்க்காரம் வாங்குற கூலிக்காரனும் 18, கோடிக்கணக்கில பிஸ்னஸ் செய்யிறவனும் அதே 18.

அதைவிட எனக்கு மனசு ஆறாத விசயம் ஈபிஎஃப், ஊழியர் சேமலாப நிதி. உங்கட சம்பளத்தில 8 வீதம், முதலாளி 12 வீதம் போட்டு வயசு போன காலத்துக்கெண்டு சேத்த காசு. 2023 இல உள்நாட்டுக் கடனைச் சரிப்படுத்துறம் எண்டு வெளிக்கிட்டவை, வங்கியள் அரசாங்கத்துக்குக் கடன் குடுத்து வச்சிருந்த திறைசேரிப் பத்திரங்களைத் தொடேல்ல, வங்கி விழுந்திடும் எண்டு காரணம் சொன்னவை. ஆனா ஈபிஎஃப் வச்சிருந்த பத்திரங்களைக் குறைஞ்ச வட்டிப் பத்திரங்களா மாத்தினவை, 2025 வரைக்கும் 12 வீதம், அதுக்குப் பிறகு 9. மாட்டம் எண்டால் ஈபிஎஃப்பின்ர பத்திர வருமானத்துக்கு இருந்த 14 வீத வரி 30 வீதம் ஆகும் எண்டு சட்டம். கார்மெண்ட்ஸில நிண்டு வேலை செய்யிற பிள்ளையின்ர ஓய்வுக்காலக் காசில கை வைக்கேக்க அந்தப் பிள்ளையிட்ட ஒரு வார்த்தை கேட்டவையோ? 17 வீதத்துக்கு விடை இதுக்குள்ளதான் கிடக்குது.

சரி, இப்ப அநுர. அவருக்குப் போட்ட சனம் பாதை மாறும் எண்டு நினைச்சுத்தான் போட்டது. கடன் பற்றித் தாங்கள் வேற ஒரு ஆய்வு செய்து பேசுவம் எண்டு அவையளும் சொல்லியிருந்தவை. ஆனா எங்கட கடன் பத்திரம் வச்சிருக்கிற வெளிநாட்டு ஆக்களோட 12.55 பில்லியன் டொலர் கடனுக்கு ரணிலின்ர அரசாங்கம் கொள்கையளவில உடன்பாடு அறிவிச்சது செப்ரெம்பர் 19, வாக்களிப்புக்கு ரெண்டு நாளுக்கு முதல்! புது அரசாங்கம் அதையே ஏற்றுக்கொண்டு டிசெம்பரில முடிச்சுக் குடுத்திட்டுது. வருமானம் செலவை விட, வட்டியைச் சேர்க்காமல், நாட்டு உற்பத்தியில 2.3 வீதம் கூட இருக்கோணும் எண்ட இலக்கும் அப்பிடியே இருக்குது. ஆக மொத்தம் பொருளாதாரம் எந்தத் திசையில போகும் எண்ட பெரிய முடிவு உங்கட வாக்குச்சீட்டில இருக்கேல்ல, அது முதலே எழுதியாச்சு.

நான் ஐஎம்எஃப் ஒப்பந்தத்தைக் கிழிச்செறி எண்டு சொல்ல வரேல்ல. டொலர் இல்லாத நாடு எப்பிடி இருக்கும் எண்டு 2022 இல மருந்துக்கு அலைஞ்ச ஆக்கள் இந்தக் கூட்டத்திலயே இருக்கிறியள். நான் சொல்லுறது வேற. எவ்வளவு சேக்கோணும் எண்டு ஐஎம்எஃப் இறுக்கிப் பிடிக்குது, ஆனா ஆரிட்டச் சேக்கிறது எண்டதில அரசாங்கத்துக்குக் கனக்க இடம் இருக்குது. அந்த இடத்தில என்ன செய்தவை? செய்ததையும் சொல்லோணும்: மாதம் ஒரு லட்சத்துக்கு மேல உழைச்சால் வரி எண்டு இருந்ததை ஒண்டரை லட்சமாக்கினவை, அரசாங்க வேலையில ஆகக் குறைஞ்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 இல இருந்து 40,000 க்குப் படிப்படியாக் கூட்டுகினம், உள்ளூர்ப் பாலுக்கும் யோகட்டுக்கும் வற் வரியை நீக்கிட்டினம். நல்லது. ஆனா மாதச் சம்பளமே இல்லாத கூலிக்காரனுக்கு, தோட்டக்காரனுக்கு, கடல் தொழிலாளிக்கு இதில வாறது எவ்வளவு? கன சொத்து வச்சிருக்கிறவையிட்ட வரி எடுக்கிற கதை தள்ளித் தள்ளிப் போகுது, 18 வீத வற் மட்டும் அசையாமல் நிக்குது. உலக வங்கியின்ர கணக்குக்கு 2024 இல நாட்டில கிட்டத்தட்ட நாலில ஒராள் வறுமையில.

இனி எங்கட யாழ்ப்பாணத்துக்கு வாறன். சனாதிபதித் தேர்தலில யாழ் மாவட்டத்தில அநுரவுக்கு 27,086 வாக்கு. சஜித் முதலாவது, தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் 116,688 எடுத்து ரெண்டாவது. ரெண்டு மாதம் கழியேல்ல, நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில அநுரவின்ர தேசிய மக்கள் சக்திக்கு இஞ்ச 80,830 வாக்கு, ஆறு சீற்றில மூண்டு. உடனே தெற்கில சிலபேர் தமிழருக்கு உரிமைப் பிரச்சினை முடிஞ்சுது, இனி அபிவிருத்திதான் எண்டு எழுதினவை. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலில தமிழரசுக் கட்சி திரும்ப மேல வந்த உடன அந்தக் கதையும் நிண்டிட்டுது.

என்ர அபிப்பிராயம், உரிமையா பொருளாதாரமா எண்டு ரெண்டாப் பிரிச்சுக் கேக்கிற கேள்வியே பிழை. வலிகாமம் வடக்குச் செம்மண் காணியில ஆமி இருக்கேக்க அது உரிமைப் பிரச்சினையும்தான், ஒரு குடும்பத்தின்ர வெங்காய வருமானமும்தான். 2025 மார்ச் மாதம் வடக்குக் காணியள் பற்றி ஒரு வர்த்தமானி அறிவித்தல் வந்து, சனம் கொதிச்செழும்பின பிறகுதான் அரசாங்கம் பின்வாங்கினது. இங்க வங்கியில அடகு வைக்கக் காணி உறுதிப் பத்திரம் இல்லாத சனத்துக்கு லோன் தருவம் எண்டு சொல்லி என்ன பிரயோசனம்?

நேரம் கிடைக்கிறதும் குறைவு. ஐஎம்எஃப் திட்டம் 2027 இல முடியுது, 2028 இல இருந்து வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுற பாரம் கூடுது, 2029 இல அடுத்த சனாதிபதித் தேர்தல். அதுக்குள்ள ஏற்றுமதி வருமானம் கூடோணும். 2025 ஏப்ரலில அமெரிக்க சனாதிபதி ட்ரம்ப் எங்கட சாமானுக்கு 44 வீதத் தீர்வை எண்டு அறிவிச்சு, பேசிப் பேசி அந்த ஆகஸ்ட்டில 20 க்கு வந்தது, கிளிநொச்சியில கார்மெண்ட்ஸுக்குப் போற பிள்ளையளின்ர வேலை அப்பிடியான நம்பரிலதான் தொங்குது.

அடுத்த பட்ஜெட் வரப்போகுது. அதுக்கு முதல் எங்கட மாவட்டத்து ஆறு எம்பிமாருக்கும், ஆளுங்கட்சி எதிர்க்கட்சி எண்டு பாக்காமல், மூண்டு விசயம் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறம்: சாப்பாட்டுச் சாமானுக்கும் பள்ளிக்கூடச் சாமானுக்கும் வற் வரியை எப்ப நீக்குவியள், ஈபிஎஃப் பத்திர வட்டி 9 ஆனதுக்குத் தொழிலாளிக்கு என்ன ஈடு, வலிகாமம் வடக்கில மிச்சக் காணி எந்தத் திகதிக்கு விடுபடும். கடிதம் வாசல் மேசையில கிடக்குது, வடிவா வாசிச்சுப் பாருங்கோ, சரியெண்டு பட்டால் கையெழுத்து வையுங்கோ, சரியில்லை எண்டால் எங்க பிழை எண்டு இப்பவே எழும்பிச் சொல்லுங்கோ, கதைப்பம்.