ஒரு தீவும் 11-ஆம் எண் சட்டையும்

நேயர்களுக்கு வணக்கம்.

1970-ஆம் ஆண்டு, ஏப்ரல் 12, ஞாயிற்றுக்கிழமை. இத்தாலிக்கு மேற்கே நடுக்கடலில் கிடக்கும் சார்டீனியா தீவு. அதன் தலைநகர் காலியாரி. அங்கே ஆம்சிகோரா என்கிற பழைய மைதானத்தில் உட்கார இடமில்லை. வந்தவர்களுக்குக் கண் ஆட்டத்தில் இருந்தது, காது டிரான்சிஸ்டரில் இருந்தது.

அந்த நாட்களில் இத்தாலியின் முதல் டிவிஷன் ஆட்டங்கள் எல்லாம் ஞாயிறு பிற்பகலில் ஒரே நேரத்தில் நடக்கும். 1960-இல் இத்தாலிய வானொலி ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியிருந்தது. மைதானத்துக்கு ஒரு வர்ணனையாளர் இருப்பார். எங்கே கோல் விழுந்தாலும் அங்கிருப்பவர் மற்றவர் பேச்சின் நடுவே புகுந்து சொல்லிவிடுவார். வானொலியில் பேச வந்திருக்கும் எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அன்று காலியாரிக்காரர்கள் காதில் ஒட்டிவைத்துக் காத்திருந்தது ரோம் நகரத்துச் செய்திக்காக. அங்கே லாட்ஸியோவும் யுவெண்டஸும் ஆடிக்கொண்டிருந்தன. யுவெண்டஸ் தோற்று, இங்கே காலியாரி பாரி அணியை ஜெயித்துவிட்டால், இன்னும் 2 ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போதே சாம்பியன் பட்டம் தீவுக்கு வந்துவிடும். ரோமுக்குத் தெற்கே அதுவரை எந்த அணியும் அந்தப் பட்டத்தைத் தொட்டதில்லை.

இடைவேளைக்குச் சற்று முன்னால் ஒரு ஃப்ரீ கிக். பந்து தாழ்வாக வந்தது. 11-ஆம் எண் சட்டைக்காரர் தன் முழு உடம்பையும் முன்னால் எறிந்து தலையால் முட்டினார். கோல். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் காலியாரியின் இன்னொரு ஆட்டக்காரர் கோரி இரண்டாவது கோலைப் போட்டார். ரோமில் லாட்ஸியோ 2-0 என்று ஜெயித்த செய்தியும் வந்துவிட்டது. ஆடுகளம் முழுக்க ஜனம் இறங்கிவிட்டது.

அந்த 11-ஆம் எண் சட்டைக்காரர்தான் லூயிஜி ரீவா. எல்லோருக்கும் ஜீஜி ரீவா. இன்றைக்கு நான் பேசப்போவது அவரைப் பற்றி.

நான் பள்ளியில் லெஃப்ட் அவுட் ஆடியவன். இடதுகால்காரன். வலது காலையும் பழக்கு, பழக்கு என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவன். அதனால் ரீவாவின் மேல் எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. அவருடைய வலது கால் ஓடுவதற்கும் நிற்பதற்கும்தான். பந்து இடது காலுக்கு. அதை எதிரணி டிஃபெண்டர்கள் அனைவரும் அறிவார்கள். அறிந்தும் தடுக்க முடியவில்லை என்பதுதான் விஷயம்.

1944 நவம்பர் 7 அன்று, வட இத்தாலியில் மஜோரே ஏரிக்கரையில் உள்ள லெஜ்ஜூனோ என்கிற சிற்றூரில் பிறந்தார். ஒன்பது வயதுக்குள் அப்பா போய்விட்டார், தொழிற்சாலை விபத்தில். பையனை மத அமைப்புகள் நடத்திய விடுதிகளில் சேர்த்தார்கள். அந்த விடுதி வாழ்க்கையை அவர் கடைசிவரை கசப்போடுதான் நினைவுகூர்ந்தார். அப்புறம் அம்மாவும் போய்விட்டார். அக்காதான் மிச்சம். பேச்சு குறைந்த, முகம் இறுகிய ஒரு இளைஞனாக வளர்ந்து, லென்யானோ என்ற மூன்றாம் டிவிஷன் அணியில் ஒரு பருவம் ஆடினார். 1963-இல் இரண்டாம் டிவிஷனில் இருந்த காலியாரி அவரை வாங்கியது.

அவருக்குப் போக விருப்பமில்லை. அன்றைய சார்டீனியா என்றால் வடக்கத்திக்காரர்களுக்கு ஒரு பயம். அரசு ஊழியரையோ ராணுவக்காரரையோ தண்டிக்க வேண்டுமானால் அங்கே மாற்றல் போடுவார்கள். மலேரியா ஒழிந்து பதினைந்து வருடம்கூட ஆகவில்லை. மலைகளில் ஆள்கடத்தல். சரி, ஒரு வருடம் ஆடிவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் பதினெட்டு வயது ரீவா கிளம்பினார்.

போன இடத்தில் நடந்தது வேறு. மீனவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். மேய்ப்பர்கள் கூப்பிட்டார்கள். அதிகம் பேசாத ஊர், அதிகம் பேசாத பையன். இருவருக்கும் ஒத்துப்போனது. அடுத்த வருடமே, 1964-இல், காலியாரி முதன்முறையாக முதல் டிவிஷனுக்கு ஏறியது. வடக்கே ஆடப் போனால் கேலரியிலிருந்து 'ஆட்டிடையர்களே, கொள்ளைக்காரர்களே' என்று கூச்சல் வரும். வடக்கில் பிறந்த ரீவாவுக்கு அந்தக் கூச்சல் சுருக்கென்று தைத்தது. அந்தக் கோபத்தை அவர் பந்தில் இறக்கினார் என்று நான் நம்புகிறேன். 1967, 1969, 1970 என்று மூன்று முறை முதல் டிவிஷனில் அதிக கோல் போட்டவர் அவர்தான்.

அவருடைய உதை எப்படி இருக்கும்? இத்தாலியின் புகழ்பெற்ற விளையாட்டு எழுத்தாளர் ஜான்னி பிரேரா அவருக்கு 'ரோம்போ தி துவோனோ' என்று பெயர் வைத்தார். இடிமுழக்கம் என்று பொருள். அந்தப் பெயர் கடைசிவரை அவரை விடவில்லை. பழைய படச்சுருள்களில் பார்த்தால் புரியும். காலை ரொம்பப் பின்னால் கொண்டுபோக மாட்டார். உடம்பு பந்தின் மேல் கவிந்திருக்கும். அடித்த பிறகு இடது கால் முன்னால் போய் ஒரு கணம் அப்படியே நிற்கும். 1970 ஜனவரியில் விசென்ஸா அணிக்கு எதிராக ஒரு பைசிக்கிள் கிக் அடித்தார். கோலுக்கு முதுகு காட்டி, ஆள் முழுக்கக் காற்றில் படுத்து, இடது காலால். அந்தப் புகைப்படம் இத்தாலியக் கால்பந்தின் குடும்பப் படம் மாதிரி ஆகிவிட்டது. நான் அதை முதலில் பார்த்த நாள் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை.

அந்தப் பருவத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயிற்சியாளர் மான்லியோ ஸ்கோபீன்யோ. 'தத்துவஞானி' என்பது அவருக்கு இருந்த பட்டப்பெயர். ஆட்டக்காரர்கள் ஒரு நாள் இரவு அறையில் புகை மண்ட சீட்டாடிக்கொண்டிருந்தபோது இவர் கதவைத் திறந்தாராம். எல்லோருக்கும் வயிறு கலங்கியது. அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் சிகரெட் பிடித்தால் உங்களுக்குத் தொந்தரவா என்று கேட்டாராம். அரைமணி நேரத்தில் எல்லோரும் படுக்கப் போய்விட்டார்கள், மறுநாள் ஜெயித்தார்கள் என்று அந்த ஆட்டக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள்.

பட்டத்தைத் தீர்மானித்த ஆட்டம் மார்ச் 15 அன்று தூரினில், யுவெண்டஸின் சொந்த மைதானத்தில் நடந்தது. முதல் கோலே காலியாரியின் டிஃபெண்டர் நிக்கொலாய் போட்ட சேம் சைடு கோல். ரீவா சமன் செய்தார். பிறகு யுவெண்டஸுக்கு ஒரு பெனால்டி. காலியாரியின் கோல்கீப்பர் அல்பெர்தோசி அதைப் பிடித்துவிட்டார். நடுவர் லோ பெல்லோ, செல்லாது, மறுபடி அடி என்றார். இரண்டாவது முறை கோல். அல்பெர்தோசி அழுதுவிட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் காலியாரிக்கும் ஒரு பெனால்டி கிடைத்தது. எதிரே நின்றது அந்த ஊர் முழுக்க. ரீவா அடித்தார். 2-2. தோற்றிருந்தால் பட்டம் கை நழுவியிருக்கலாம். அந்தப் பருவத்தின் 30 ஆட்டங்களில் காலியாரி வாங்கிய கோல்கள் மொத்தமே 11. முன்னால் ரீவா, பின்னால் அந்தத் தடுப்பு.

இனி நாட்டுக்காக ஆடியது. இதைச் சொல்லும்போது எனக்கே கால் வலிக்கிறது. 1967 மார்ச்சில் ரோமில் போர்ச்சுகலுக்கு எதிரான ஆட்டம். கோல்கீப்பரோடு மோதி இடது கால் எலும்பு முறிந்தது. ஆம், அந்த இடது கால்தான். எழுந்து வந்தார். அடுத்த வருடம் ஜூன் 10, அதே ரோம். ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் 1-1 என்று முடிந்ததால் யூகோஸ்லாவியாவோடு மறுபடி ஆடினார்கள். முதல் ஆட்டத்தில் ரீவா இல்லை. மறு ஆட்டத்தில் இறக்கினார்கள். 12-ஆவது நிமிடத்தில் கோல். 2-0, கோப்பை இத்தாலிக்கு. அதற்கு அடுத்த ஐரோப்பியக் கோப்பை இத்தாலிக்குக் கிடைத்தது 2021-இல்.

1970 அக்டோபர் 31, வியன்னா. ஆஸ்திரியாவின் ஹோஃப் பின்னாலிருந்து அடித்த ஒரு டாக்கிளில் இந்த முறை வலது கால் போனது. அந்த வருடத்து சாம்பியன் அணி, தன் இடிமுழக்கம் இல்லாமல், மறுபடி அந்த உயரத்துக்கு வரவே இல்லை. இரண்டு காலையும் நாட்டுக்குக் கொடுத்தவர் என்று தீவுக்காரர்கள் சொன்னது வெறும் பேச்சு அல்ல.

இந்த இரண்டு முறிவுகளுக்கும் இடையில்தான் மெக்சிகோ உலகக் கோப்பை வந்தது. காலியாரி அணியிலிருந்து மட்டும் ஆறு பேர் போனார்கள். முதல் சுற்றில் ரீவாவுக்கு ஒரு கோலும் இல்லை. காலிறுதியில் மெக்சிகோவுக்கு எதிராக இரண்டு. பிறகு ஜூன் 17, அஸ்டெகா மைதானம், மேற்கு ஜெர்மனியோடு அரையிறுதி. 1-1 என்று தொண்ணூறு நிமிடம் முடிந்து, கூடுதல் நேரத்தில் மட்டும் ஐந்து கோல்கள் விழுந்த ஆட்டம். 2-2 என்று இருந்தபோது, 104-ஆவது நிமிடம், பந்து ரீவாவிடம் வந்தது. ஒரு தட்டு தட்டி டிஃபெண்டரை விலக்கினார். அடுத்த நொடி, இடது கால். பந்து தரையோடு தரையாக ஓடி ஜெர்மன் கோல்கீப்பர் ஸெப் மாயருக்கு எட்டாத மூலையில் புகுந்தது. கடைசியில் இத்தாலி 4-3 என்று ஜெயித்தது. அந்த ஆட்டத்தின் நினைவாக அஸ்டெகாவில் ஒரு பலகையே பதித்திருக்கிறார்கள். இறுதி ஆட்டத்தில் பெலேயின் பிரேசில் 4-1 என்று ஜெயித்தது, அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

இத்தாலிக்காக அவர் ஆடியது 42 ஆட்டங்கள், போட்டது 35 கோல்கள். இத்தாலிக்காக அதிக கோல் போட்டவர்களில் அவருக்கு அடுத்து வருபவர்கள் மெயாட்ஸா 33, பியோலா 30, பாஜ்ஜோ 27, தெல் பியேரோ 27. ரீவாவின் அந்த எண்ணை இன்றுவரை ஒருவரும் தாண்டவில்லை. அவர் கடைசி கோலைப் போட்டது 1973-இல்.

அந்த வருடங்களில்தான் யுவெண்டஸ் திரும்பத் திரும்பக் கேட்டது. பெரும் பணம், பதிலுக்குப் பல ஆட்டக்காரர்கள், அவர் கேட்டால் இன்னும் தரத் தயார். காலியாரி நிர்வாகமே ஒருமுறை சரி என்ற நிலைக்கு வந்தது. ரீவா மாட்டேன் என்றார். மிலான், இன்டர் எல்லோருக்கும் அதே பதில். போயிருந்தால் பட்டம் பட்டமாகக் குவித்திருப்பார். இதைப் பலர் தியாகம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. விடுதியில் வளர்ந்த ஒருவனுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு வீடு கிடைத்தது. அந்த வீட்டை அவர் விற்கவில்லை, அவ்வளவுதான்.

1976 பிப்ரவரி 1. காலியாரியில் மிலானோடு ஆட்டம். பந்தைத் துரத்தி ஓடும்போது வலது தொடையில் தசைநார் அறுந்தது. வயது 31. அதற்குப் பிறகு அவர் ஒரு போட்டியிலும் ஆடவில்லை. காலியாரியும் அந்தப் பருவத்தோடு இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

ஆட்டம் நின்றதும் அவர் வடக்கே திரும்பவில்லை. அதே ஊரில் பிள்ளைகளுக்கு ஒரு கால்பந்துப் பள்ளி தொடங்கினார். பிறகு 1990 முதல் 2013 வரை இத்தாலி தேசிய அணியோடு நிர்வாகியாகப் பயணம் செய்தார். 2006-இல் பெர்லினில் இத்தாலி உலகக் கோப்பையைத் தூக்கியபோது அவரும் அந்தக் குழுவில் இருந்தார். 2005-இல் காலியாரி அணி 11-ஆம் எண் சட்டையை அவரோடு நிறுத்திக்கொண்டது. அன்றிலிருந்து அந்த எண்ணை அங்கே யாருக்கும் கொடுப்பதில்லை.

2024 ஜனவரி 22 அன்று, 79-ஆவது வயதில், காலியாரி மருத்துவமனையில் இறந்தார். இரண்டு நாள் கழித்து, கடலைப் பார்த்தபடி இருக்கும் பொனாரியா மாதா கோயிலில் இறுதிச் சடங்கு. உள்ளே இடமில்லாமல் படிகளிலும் சாலையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள். அவர் ஆடிப் பார்த்திராத வயதுப் பிள்ளைகளும் சிவப்பும் நீலமும் கலந்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு வருடம் மட்டும் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவரை, அறுபது வருடம் கழித்து, அந்த ஊர் மண்ணிலேயே வைத்தார்கள்.

வணக்கம்.