தூக்கணாங்குருவி மாப்பிள்ளை பார்க்கிறது

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்த கருவேல மரம் ஒன்று இருக்கிறது. பயிர் கொஞ்சம் வளர்ந்ததும் அங்கே தூக்கணாங்குருவிகள் வந்துவிடும். நெல் தோகையில் ஓரமாகக் கடித்து, கவ்விக்கொண்டு பறந்தால் நார் சர்ரென்று கிழிந்து வரும். கூடு பின்னுவது ஆண்தான். தலைக்கவசத்தைத் தொங்கவிட்ட மாதிரி பாதிக் கூடு ஆனதும் வேலையை நிறுத்திவிட்டு, அதில் தொங்கியபடி சிறகடித்துக் கத்தும். பெண் வந்து உள்ளே உட்காரும், அலகால் இழுத்துப் பார்க்கும். பிடித்தால்தான் மீதிக் கூடு. பிடிக்காவிட்டால் அரைக்கூடு அப்படியே காய்ந்து தொங்க வேண்டியதுதான்.

பின்னல் நேர்த்தியைத்தான் பார்க்கிறது என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். கூட்டின் வடிவத்தைவிட அது தொங்கும் இடத்துக்கே பெண் அதிக மதிப்புத் தருகிறது என்கிறது ஆய்வு. எவ்வளவு உயரம், தாங்கும் கிளையா? பாம்பு ஏறினால் போவது அதன் முட்டை அல்லவா?

இப்படித் துணையைத் தேர்வதும் பரிணாமத்தை நடத்தும் என்று டார்வின் 1871-ல் விரிவாக எழுதினார். குஞ்சுக்காக அதிகம் செலவழிக்கும் பாலினமே துணையை அதிகம் சலித்து எடுக்கும் என்றார் உயிரியலாளர் ராபர்ட் ட்ரிவர்ஸ், 1972-ல். நம் குருவி ஆண் கூட்டை முடித்ததும் அடுத்த கூட்டுக்குக் கிளம்பிவிடும், அடைகாப்பது பெண். மனிதக் குழந்தை ஒற்றை ஆளுக்கு அடங்காது. அதனால் நம்மில் இரண்டு பக்கமும் சலித்து எடுக்கிறது.

உளவியலாளர் டேவிட் பஸ் 37 பண்பாடுகளில் பத்தாயிரம் பேருக்கு மேல், எப்படிப்பட்ட துணை வேண்டும் என்று விசாரித்து 1989-ல் வெளியிட்டார். பெண்கள் வருமானத்துக்கும், ஆண்கள் இளமைக்கும் தோற்றத்துக்கும் கூடுதல் மதிப்புத் தந்தார்கள். 'இயற்கையே அப்படித்தான்' என்று இதைக் காட்டிப் பேசுகிறவர்கள், இருபாலரும் குணத்தையும் அறிவையும் அதைவிட மேலே வைத்ததைச் சொல்ல மறந்துவிடுவார்கள். அதே விவரங்களை உளவியலாளர்கள் ஆலிஸ் ஈக்லியும் வெண்டி வுட்டும் 1999-ல் மறுபடி ஆராய்ந்தார்கள். ஆண் பெண் சமத்துவம் கூடிய நாடுகளில், இளையவளாக, வீட்டு வேலை தெரிந்தவளாக வேண்டும் என்ற ஆண்களின் ஆசை குறைந்திருந்தது.

சரி, நம் ஊருக்கு வருவோம். என் அத்தைக்கு வரன் பார்த்தபோது தாத்தா கேட்டது, “நஞ்சை எத்தனை மா? தலைமடையா, கடைமடையா?” வாய்க்கால் தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடை என்றதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டாராம். இன்று அதே தலைமடையில் ஒன்றரை வேலி நிலம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பையனுக்கு மூன்று வருஷமாகப் பெண் அமையவில்லை. “மாசச் சம்பளம் உண்டா?” என்கிறார்கள். பாசனத்துக்கு வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்காத வருஷங்களைப் பார்த்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். எனக்கு அவர்கள்மேல் வருத்தமில்லை.

போன மாதம் ஒரு பெண் அவனோடு பேசச் சம்மதித்தாள். நிலத்தின் அளவைக் கேட்கவே இல்லையாம். “ஆத்துல தண்ணி வராத வருஷம் என்ன பண்ணுவீங்க?” என்று மட்டும் கேட்டாளாம்.

“என்னப்பா சொன்னே?” என்றேன்.

“யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன் சார்.”

வணக்கம்.